எண்ணெய்விட்டால் சரியாகும்

மூன்று போகத்தைப் பன்றிகளுக்குக் கொடுத்த பிறகு
தவேந்திரனுக்குக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது.
மாதம் முடிவதற்குள் வாங்க வேண்டும்.
பார்த்து எடுக்க என்னைக் கூட்டிப்போனான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல் மெசின்.
"இரும்பு இரும்புதானே மச்சான்" என்றான்
தம்பலகாமத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டிறங்கியபடி.

மத்திய வீதியில் ரம்சீனின் கடை.
ஒரு பக்கம் தூண்டில், தங்கூசி, எஞ்சின் பெல்ட்.
மறுபக்கம் பூட்டிய கண்ணாடிக்குள்
லீவர் இழுத்துச் சுடுகிற புது வேட்டைத் துவக்கு
இரண்டு.
இலக்கங்கள்கூட அடுத்தடுத்து.
ஒரே ஆலை, ஒரே கிழமை,
ஒரே ஆட்கள் செய்தார்களா என்பதுதான் தெரியாது.

முதலாவதின் கட்டையில்
தேன் ஊற்றியதுபோல ரேகை.
தவேந்திரன் அதில் வைத்த கையை எடுக்கவே இல்லை.
அவனுடைய பஸ் டிக்கெட்டை வாங்கி
கட்டையும் இரும்பும் சேருமிடத்தில் நுழைத்தேன்.
இடப்பக்கம் போகவில்லை.
வலப்பக்கம் முழுதும் போனது,
கண்டக்டர் எழுதிய விலை மட்டும் வெளியே தெரிந்தது.

"ஆரும் தொடாத புதுச் சாமான்" என்றார் ரம்சீன்.
அடித் திருகாணியின் வாய் சிதைந்திருந்தது.
அளவில்லாத திருப்புளியோடு
யாரோ ஒருவன் மல்லுக்கட்டியிருக்கிறான்,
எங்கோ ஒரு தேசத்தில்,
சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்.
அவனை எனக்குத் தெரியும். நானும் அவன்தான்
சில வெள்ளிக்கிழமைகளில்.

அறையைத் திறந்து வெள்ளைத்தாள் வைத்து
குழலின் வாயில் கண்ணை வைத்தேன்.
ஒன்றுக்குள் ஒன்றாக வெளிச்ச வளையங்கள்,
கோணலில்லை, கீறலில்லை.
நேர்த்தி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான்
கண் இருக்குமிடம் எதுவென்று உறைத்தது.

லீவரை இழுத்தேன்.
பாதி வழியில் மணல்.
மெசினுக்குள் நூல்பஞ்சு அடைந்தால் வரும் அதே முனகல்.
"எண்ணெய்விட்டால் சரியாகும்."
இந்த வசனத்தை நான்
எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன்.

இரண்டாவது,
மீன்பெட்டிப் பலகை நிறம்.
சாயம் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் வெளிறல்.
ஆனால் டிக்கெட்டின் மூலைகூட உள்ளே நுழையவில்லை.
திருகாணிகள் எல்லாம்
ஒரே திசை பார்த்து நின்றன.
மெசினைக் கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு
இழுத்தேன், ஏற்றினேன்.

போனதும் வந்ததும்
எண்ணெய் கேட்காத ஒரே சத்தம்.
பூட்டு தன் வீட்டுக்குள் போய் இருந்துகொண்டது.
இருபத்தெட்டு வருசத் தொழிலில்
இவ்வளவு சுத்தமாக ஓர் இரும்பு
இன்னோர் இரும்பைச் சந்தித்ததை நான் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தால்
கடை நின்றுபோயிருந்தது.
தூண்டில் தெரிந்துகொண்டிருந்தவரின் கை
பெட்டிக்குள்ளேயே இருந்தது.
ஒருத்தி பிள்ளையைச் சேலைக்குள் இழுத்துவிட்டிருந்தாள்.
விற்கிற ரம்சீன்கூட
இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார்,
கேட்காமலே காட்டுகிறவரைப்போல.
என் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.
கடைப்பொடியன் மட்டும்
"சோக்கான சத்தம்" என்றான்.
பதினேழு வயதிருக்கும்.

"எது மச்சான்?"
மணல் அடைத்ததைச் சொல்லலாம் என்று பார்த்தேன்.
பாதி வழியில் முனகுகிற துவக்கு
யாரையும் திடுக்கிட வைக்காது.
பன்றி வயலுக்குள் நிற்கும்,
இவன் எண்ணெய்ப் போத்தலோடு நிற்பான்.
"ரெண்டாவது" என்றேன்.
பார்த்தது பார்த்ததுதான்.

அவன் அழகானதை மறுபடி ஒருமுறை தடவிவிட்டு
கையெழுத்துப் போடப் போனான்.
நான் வெளியே வந்தேன்.

வாசலில் வடிகால் ஓரமாக
டவுன் மான் ஒன்று
துவக்கு வந்த மட்டைப்பெட்டியை மென்றுகொண்டிருந்தது.
பெட்டியில் அச்சடித்திருந்த வெளிநாட்டு மானை
கொம்புப் பக்கமிருந்து தொடங்கியிருந்தது.
ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்து, பிறகு
சுற்றிக்கொண்டு போனான்.

உள்ளே ரம்சீன் தவேந்திரனுக்கு
லீவரைக் காட்டிக்கொடுக்கிற சத்தம்,
அதே சுத்தமாக, ஒருமுறை, இன்னொருமுறை.

மானின் ஒரு காது மட்டும் திரும்பியது.
தின்ன இன்னும் பாதிப் பெட்டி இருந்தது.